சோடியம் 118: ஒரே எண், ஐந்து பழுதுகள்

போன இதழில் பி.எல்.சி. பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த முறை. செமஸ்டர் லீவில் ஒன்பது நாள் தாத்தாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தேன். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து படித்தது, கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் அரியருக்குப் படித்ததை விட நன்றாக மண்டையில் ஏறிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் ட்ரிபிள் ஈ பையன், டாக்டர் இல்லை. அதனால் இதைப் பார்த்து யாரும் வீட்டில் வைத்தியம் பார்க்கக் கிளம்பிவிடாதீங்க.

தாத்தாவுக்கு வயசு 76. முகத்தில் மின்னல் வெட்டுற மாதிரி ஒரு நரம்பு வலி. அதற்குக் கார்பமசெபைன் மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒரு நாள் காலையில் என்னைப் பார்த்து அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். நடக்கும்போது தள்ளாடினார். "வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்றார் அத்தை. பக்கத்தில் ஒரு இடத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சோடியம் 124. இருக்க வேண்டியது 135-இல் இருந்து 145 வரை.

"உப்பு குறைஞ்சிருக்கு, அவ்வளவுதான்" என்று சொல்லி நார்மல் சலைன் ஒரு பாட்டில் ஏற்றி அனுப்பினார்கள். வீட்டில் எல்லாரும் களத்தில் இறங்கிவிட்டோம். கஞ்சியில் ஒரு கல் உப்பு அதிகம், தினமும் ரெண்டு இளநீர், நடுவில் மோர். நாலு நாள் கழித்துத் தாத்தாவுக்கு யாரையுமே அடையாளம் தெரியவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். சோடியம் 118.

உப்பு கொடுத்தோம், சோடியம் இறங்கியது. இந்தக் கணக்கு எப்படி வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் லூப்பைப் பார்ப்போம். ரத்தம் எவ்வளவு கெட்டி என்பதை ஆஸ்மோலாலிட்டி என்ற எண்ணால் சொல்வார்கள். ஒரு கிலோ தண்ணீரில் எத்தனை மில்லிஆஸ்மால் கரைந்திருக்கிறது என்பது அது. மனக்கணக்காகவும் போடலாம்: சோடியத்தை இரண்டால் பெருக்கி, குளுக்கோஸை 18-ஆல் வகுத்து, யூரியா நைட்ரஜனை 2.8-ஆல் வகுத்து மூன்றையும் கூட்டினால் போதும். நார்மலாக 285 பக்கம் வரும். தாத்தாவுக்கு 236, 5, 5 சேர்த்து 246.

இந்த எண்ணை அளக்கும் சென்சார் மூளையில் ஹைப்போதலாமஸ் பகுதியில் இருக்கிறது. கன்ட்ரோலர் சிக்னல் வாசோப்ரெஸ்ஸின் என்கிற, 9 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட குட்டி ஹார்மோன். பிட்யூட்டரியின் பின்பக்கத்தில் இருந்து ரத்தத்தில் கலக்கிறது. சிறுநீர் அதிகம் போகாமல் தடுப்பதால் இதற்கே ஆன்டிடையூரெட்டிக் ஹார்மோன், சுருக்கமாக ஏ.டி.ஹெச்., என்றும் பெயர். ஆக்சுவேட்டர், சிறுநீரகத்தின் கடைசிக் குழாய். அங்கே இருக்கும் வி2 ரிசெப்டாரில் ஹார்மோன் போய் ஒட்டினால், அக்வாபோரின்-2 என்ற தண்ணீர்க் கதவுகள் குழாயின் சுவருக்கு வந்து திறக்கும். சிறுநீராகப் போக வேண்டிய தண்ணீர் திரும்ப உடம்புக்குள் வரும். ஹார்மோன் இல்லையென்றால் கதவு கிடையாது, தண்ணீர் வெளியே போகும். நம்ம வீட்டு மொட்டைமாடி டேங்கில் ஃப்ளோட் சுவிட்ச் மோட்டாரை நிறுத்துகிற கதைதான்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், இந்த சென்சாருக்கு ஒரு நேர்கோட்டுச் சமன்பாடு இருப்பது. ரத்தத்தில் இவ்வளவு குறைவான ஹார்மோனை அளக்கும் ரேடியோஇம்யூனோஅஸ்ஸே முறை 1970களில் கைக்கு வந்தபோது, கேரி ராபர்ட்சன் என்ற அமெரிக்க மருத்துவரும் உடன் இருந்தவர்களும் கிராஃப் போட்டுக் கண்டுபிடித்தது இது: ஹார்மோன் அளவு = 0.38 × (ஆஸ்மோலாலிட்டி − 280). விடை ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை பிகோகிராம் என்று வரும். 280-க்குக் கீழே போனால் ஹார்மோன் கிட்டத்தட்ட பூஜ்யம். அதற்கு மேலே ஒவ்வொரு புள்ளிக்கும் 0.38 ஏறும். ஆளுக்கு ஆள் ஸ்லோப்பும் தொடக்கப்புள்ளியும் கொஞ்சம் மாறும், ஆனால் வடிவம் இதுதான். ஒய் ஈக்வல் டு எம்எக்ஸ் பிளஸ் சி, பத்தாம் வகுப்புப் பாடம்!

இப்போது தாத்தாவின் 246-ஐ அதில் போடுங்க. மைனஸில் வருகிறது. அதாவது ஹார்மோன் சுத்தமாக நின்றிருக்க வேண்டும், சிறுநீர் தண்ணி மாதிரி 100-க்கும் குறைவான ஆஸ்மோலாலிட்டியில் வர வேண்டும். அவருக்கு வந்தது 480. டேங்க் நிரம்பி வழிகிறது, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. இதற்குப் பெயர்தான் எஸ்.ஐ.ஏ.டி.ஹெச். தேவையே இல்லாத நேரத்தில் ஏ.டி.ஹெச். சுரந்துகொண்டிருக்கும் நிலை. 1957-இல் ஷ்வார்ட்ஸ், பார்ட்டர் முதலானோர் நுரையீரல் புற்றுநோய் வந்த இரண்டு பேரை வைத்து இதை முதலில் விவரித்தார்கள். அப்போது ஹார்மோனை ரத்தத்தில் அளக்கவே முடியாது. உள்ளே போகிற தண்ணீர், வெளியே வருகிற சோடியம் இதையெல்லாம் கணக்குப் போட்டே ஊகித்திருக்கிறார்கள்.

இந்தப் பெயரைச் சும்மா ஒட்டிவிட முடியாது. உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கக் கூடாது, கால் வீங்கியிருக்கக் கூடாது, தைராய்டு, அட்ரீனல், சிறுநீரகம் மூன்றும் சரியாக இருக்க வேண்டும், சிறுநீர் பெருக்கும் மாத்திரை எடுத்திருக்கக் கூடாது. சிறுநீரில் சோடியம் 30-க்கு மேல் போய்க்கொண்டிருக்க வேண்டும். கடைசி வரியைக் கவனிங்க. சிறுநீரகம் உப்பை வெளியேற்றுவதில் எந்தக் குறையும் இல்லை. அது திணறுவது தண்ணீரை வெளியேற்றுவதில்தான்.

இதைப் பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டு மர்மம் உடைந்துவிடும். ஒரு லிட்டர் நார்மல் சலைனில் சோடியம் 154, குளோரைடு 154, மொத்தம் 308 மில்லிஆஸ்மால் இருக்கும். அந்த உப்பு முழுவதையும் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். ஆனால் சிறுநீர் 480-இல் மாட்டிக்கொண்டிருக்கிறது. 308-ஐ 480-ஆல் வகுத்தால் 0.64 லிட்டர். அதாவது ஏற்றிய உப்பெல்லாம் 640 மில்லி சிறுநீரில் வெளியே போய்விட்டது, மிச்சம் 360 மில்லி வெறும் தண்ணீராக உள்ளேயே தங்கிவிட்டது. உப்பு ஏற்றினதாக நினைத்தோம், ஏற்றினது தண்ணீர்! இளநீர் இன்னும் மோசம். அதில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் கொஞ்சம். கிட்டத்தட்ட தண்ணீர் என்றே வைத்துக்கொள்ளலாம். கஞ்சியும் அப்படித்தான், புரதம் இல்லாத சாப்பாடு. சிறுநீரில் கரைந்து போவதற்குச் சரக்கு குறைந்தால், தண்ணீரைக் கூட்டிக்கொண்டு போக ஆளில்லை.

பெஞ்சில் உட்கார்ந்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் இந்த வகுத்தலைப் போட்டபோது, அத்தையிடம் காட்டலாமா என்று யோசித்தேன். காட்டவில்லை. இளநீர் சீவிக் கொடுத்தது நானும்தான்.

சரி, மோட்டார் ஓடுது என்று தெரிந்துவிட்டது. ஏன் ஓடுது? ஃப்ளோட் மாட்டிக்கொண்டதா, சுவிட்ச் ஒட்டிக்கொண்டதா, யாராவது லெவலைத் தப்பாக செட் பண்ணிவிட்டார்களா? இங்கேதான் வகைகள் வருகின்றன. 1980-இல் ஜெர்பி, ஸ்ட்ரோப்ஸ், ராபர்ட்சன் மூவரும் நாம் லேபில் செய்வதையே செய்தார்கள். இன்புட்டைக் கூட்டிக்கொண்டே போய் அவுட்புட்டை அளந்தார்கள். 3 சதவீத உப்புக் கரைசலை மெதுவாக ஏற்ற, ரத்த ஆஸ்மோலாலிட்டி படிப்படியாக ஏறும். ஒவ்வொரு படியிலும் ரத்தம் எடுத்து ஹார்மோனைப் பார்த்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே நோயாகத் தெரிந்தது, கிராஃபில் நாலு வடிவமாகப் பிரிந்தது.

ஏ வகையில் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் சம்பந்தமே இல்லை, வெறும் நாய்ஸ். சில புற்றுநோய்க் கட்டிகள் தாங்களே இந்த ஹார்மோனைத் தயாரிக்கும், அவற்றுக்கு சென்சார் பேச்சைக் கேட்கும் வழக்கமே கிடையாது. ஆனால் கட்டி என்றால் ஏ, மருந்து என்றால் இன்னொன்று என்று மனப்பாடம் பண்ணிவிடாதீங்க. ஒரே காரணம் வேறு வேறு ஆட்களில் வேறு வேறு வடிவம் காட்டும்.

அடுத்தது ஒழுக்கு. 280-க்கு மேலே கோடு ஒழுங்காகத்தான் ஏறும். கீழே மட்டும் பூஜ்யத்துக்கு வராது, ஒரு சின்ன அளவில் படுக்கையாக நின்றுவிடும். வாஷர் தேய்ந்த குழாய் மாதிரி, எவ்வளவு இறுக்கினாலும் சொட்டும். நம்ம பாஷையில் ஆஃப்செட். தாகம் எடுக்கும் நேரத்தில் இந்தச் சொட்டு தெரியவே தெரியாது. நிறைய தண்ணீர் குடிக்கும்போதுதான் மாட்டிக்கொள்வார்கள்.

மூன்றாவதுதான் இதில் ரொம்ப சுவாரஸ்யமானது. கோட்டின் ஸ்லோப் சரி, வடிவம் சரி, ஆனால் கோடு மொத்தமாக இடது பக்கம் நகர்ந்திருக்கும். 280-இல் நிற்க வேண்டிய ஹார்மோன் 260-இல்தான் நிற்கும். செட்பாயின்ட் மாறிவிட்டது, மற்றபடி லூப் அருமையாக வேலை செய்கிறது. இதை ரீசெட் ஆஸ்மோஸ்டாட் என்பார்கள். இந்த ஆளுக்குச் சோடியம் 128 என்றால் இன்றும் 128, ஆறு மாசம் கழித்தும் 128. தண்ணீர் கூடக் குடித்தாலும் அதற்குக் கீழே இறங்காது, ஏனென்றால் 260-இல் ஹார்மோன் நின்று உபரியை வெளியேற்றிவிடும். உறுதி செய்ய ஒரு வழி: உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லி வீதம் தண்ணீர் குடிக்கச் சொல்லி, நாலு மணி நேரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் சிறுநீராக வருகிறதா, சிறுநீர் 100-க்குக் கீழே நீர்க்கிறதா என்று பார்ப்பது. மற்ற வகைக்காரர்களுக்கு இதே டெஸ்ட் ஆபத்து, அதனால் சோடியம் ரொம்பக் குறைவாக இருக்கும்போது செய்ய மாட்டார்கள்.

காசநோய், நீண்ட நாள் ஊட்டச்சத்துக் குறைவு, கை கால் செயலிழந்த நிலை இவற்றிலெல்லாம் இது வரும். இன்னொரு இடத்திலும் வரும், அது நோயே இல்லை: கர்ப்பம். கர்ப்பிணிகளுக்கு ஆஸ்மோலாலிட்டி 10 அளவும், சோடியம் 4 அல்லது 5 அளவும் குறைந்து, குழந்தை பிறக்கும் வரை அங்கேயே நிற்கும். உடம்பு தானாகவே லெவலைக் கீழே வைத்துக்கொள்கிறது. ஆக, ரீசெட் ஆனவருக்கு வைத்தியம் என்ன? காரணத்தைப் பார்ப்பது, எண்ணை விட்டுவிடுவது. "தண்ணியைக் குறைங்க" என்று சொன்னால், பாவம், அந்த ஆள் தாகத்தில் வாடுவார். சோடியத்தைக் கஷ்டப்பட்டு ஏற்றினாலும் லூப் திரும்ப 128-க்கே இழுத்துக்கொண்டு வரும். ஏசியை 24-இல் வைத்துவிட்டு, ரூம் 26-க்கு வரவில்லையே என்று ஜன்னலைத் திறந்து வைக்கிற கதை.

டி வகையில் கிராஃப் அப்படியே நார்மல். ஹார்மோன் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றிருக்கிறது. ஆனாலும் சிறுநீர் கெட்டியாகத்தான் வருகிறது! சென்சார் சரி, கன்ட்ரோலர் சரி, அப்போ கோளாறு ஆக்சுவேட்டரில். கால் நூற்றாண்டுக்கு மேல் புதிராக இருந்த இதற்கு ஒரு விடை 2005-இல் வந்தது. இரண்டு ஆண் குழந்தைகள். சோடியம் குறைவு, சிறுநீர் கெட்டி, ரத்தத்தில் வாசோப்ரெஸ்ஸின் கண்டுபிடிக்கவே முடியாத அளவு. மரபணுவைப் பார்த்தால், வி2 ரிசெப்டாரில் 137-ஆவது இடத்தில் இருக்க வேண்டிய ஆர்ஜினினுக்குப் பதில் ஒரு குழந்தைக்கு சிஸ்டீன், இன்னொரு குழந்தைக்கு லூசின். அந்த ஒரு மாற்றத்தால் ரிசெப்டார் சாவியே போடாமல் திறந்தே கிடக்கிறது. இதே 137-ஆவது இடத்தில் ஹிஸ்டிடின் வந்தால் நேர் எதிர் நோய்: ரிசெப்டார் வேலையே செய்யாது, குழந்தை லிட்டர் கணக்கில் சிறுநீர் போகும். ஒரே ஸ்க்ரூ, ஒரு பக்கம் திருப்பினால் எப்போதும் ஆன், இன்னொரு பக்கம் திருப்பினால் எப்போதும் ஆஃப். இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்குத்தான் கடுமையாக வரும்.

ஹார்மோனே இல்லாத இந்த வகையையும் சேர்த்துச் சொல்ல, இப்போது பலரும் கடைசி ஹெச்-ஐ விட்டுவிட்டு எஸ்.ஐ.ஏ.டி. என்றே எழுதுகிறார்கள். வைத்தியமும் மாறுகிறது. டோல்வாப்டன் என்றொரு மாத்திரை இருக்கிறது. ஹார்மோன் போய் ஒட்டும் இடத்தை அடைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. தானாகவே ஓடும் இந்த ரிசெப்டாரிடம் அது எடுபடவில்லை. குழந்தைக்குத் தண்ணீரைக் குறைக்கலாம் என்றால், பால்தானே சாப்பாடும் தண்ணீரும்? இங்கே கைகொடுத்தது யூரியா. ஆமாம், யூரியாதான், ஆனால் மருந்துத் தரத்தில். கணக்கு முன்னால் போட்டதுதான், பெரியவர் அளவில் போட்டுப் பாருங்க. 30 கிராம் யூரியா அரை மோல், 500 மில்லிஆஸ்மால். சிறுநீர் 480-இல் மாட்டியிருந்தால், அதை வெளியேற்ற ஒரு லிட்டருக்கு மேல் சிறுநீர் போயாக வேண்டும். பழுதான கதவைத் தொடாமலே, தண்ணீரைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போகும் தந்திரம்.

ஐந்தாவது புதுசு. வாசோப்ரெஸ்ஸினை அளப்பது பெரிய தலைவலி, ரத்தத்தில் சீக்கிரம் சிதைந்துவிடும். அதே தாய்ப் புரதத்தில் இருந்து, அதோடு சம அளவில் வெட்டுப்பட்டு வெளிவரும் கோபெப்டின் என்ற துண்டு நிலையாக இருக்கும். 2014-இல் ஃபென்ஸ்கே குழுவினர் 50 நோயாளிகளிடம் அதே 3 சதவீத உப்புக் கரைசல் சோதனையைக் கோபெப்டினை வைத்துச் செய்தபோது, சிலரிடம் கோடு கீழ்நோக்கிச் சரிந்தது. ஆஸ்மோலாலிட்டி ஏற ஏற ஹார்மோன் குறைகிறது! இதை இ வகை என்றார்கள். அவர்கள் தரும் விளக்கம் எனக்குப் பிடித்தது. இந்த லூப்புக்கு இரண்டாவதாக ஒரு இன்புட் உண்டு: ரத்த அழுத்தம், கன அளவு பார்க்கும் சென்சார். அது "ரத்தம் குறைவு" என்று பொய்ச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தால் ஹார்மோன் சுரக்கும். சலைன் ஏற ஏற அந்த சென்சார் சமாதானமாகிறது, ஹார்மோன் இறங்குகிறது.

புத்தகத்தில் தேடப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பி, சி என்ற எழுத்துகளைச் சிலர் ஒழுக்குக்கும் ரீசெட்டுக்கும் மாற்றி மாற்றிப் போடுவார்கள். நானே அரை நாள் குழம்பினேன். எழுத்தை விடுங்க, கோட்டின் வடிவத்தைப் பாருங்க.

தாத்தா எந்த வகை? தெரியாது, யாரும் கிராஃப் போடவில்லை. சாதாரணமாக வார்டில் இந்தச் சோதனையெல்லாம் செய்வதில்லை. கார்பமசெபைன் ஹார்மோன் சுரப்பைக் கூட்டும் என்பதற்கும் ஆதாரம் உண்டு, சிறுநீரகத்தை நேரடியாகத் தூண்டும் என்பதற்கும் ஆதாரம் உண்டு. டாக்டரம்மா செய்தது இவ்வளவுதான்: அந்த மாத்திரையை நிறுத்தினார், குழப்பம் அதிகமாக இருந்ததால் 3 சதவீத சலைன் கொஞ்சமே கொஞ்சம் ஏற்றினார், குடிக்கிறதை நாளைக்கு 800 மில்லிக்குள் கட்டினார். "ரசம், மோர், காபி எல்லாம் கணக்குல வரும் தம்பி" என்றார். 3 சதவீதம் ஏன் வேலை செய்தது என்று இப்போது நீங்களே போடலாம். லிட்டருக்கு 1026 மில்லிஆஸ்மால், 480-ஆல் வகுத்தால் 2.1 லிட்டர். கொடுத்ததை விட அதிகத் தண்ணீரை வெளியே இழுக்கும்.

அப்படியானால் வேகமாக ஏற்றி ஒரே நாளில் 135-க்குக் கொண்டுவந்துவிடலாமே என்று அப்பா கேட்டார். கூடவே கூடாதாம். சோடியம் மெதுவாகக் குறையும்போது மூளை செல்கள் உள்ளே இருக்கும் சரக்கைக் கொஞ்சம் வெளியே தள்ளி, வீங்காமல் தப்பித்துக்கொள்கின்றன. வெளியே திடீரென்று கெட்டியானால் அந்த செல்கள் சுருங்கும், நரம்பைச் சுற்றியிருக்கும் மையலின் உறை கழன்றுபோகும். பேச்சு, விழுங்குதல், கை கால் எல்லாம் போகலாம். அதனால்தான் 24 மணி நேரத்தில் 8 முதல் 10-க்கு மேல் ஏறவிடாமல், இரவு இரண்டு மணிக்குக்கூட எழுப்பி ரத்தம் எடுத்தார்கள். 118, அடுத்த நாள் 123, பிறகு 126. ஐந்தாம் நாள் காலை 131. அன்றைக்குத்தான் என்னை என் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "அந்த டம்ளர்ல இன்னும் ரெண்டு மடக்கு இருக்குல்ல, குடு" என்றார். அளவு டம்ளரில் 40 மில்லி மிச்சம் இருந்தது. கொடுத்தேன்.

உங்களுக்கு ஒரு கணக்கு. காசநோய்க்கு மருந்து எடுக்கும் 60 கிலோ எடையுள்ள ஒருவர். மூன்று மாதமாகச் சோடியம் 129, 128, 129. தலைசுற்றல் இல்லை, குழப்பம் இல்லை. 1200 மில்லி தண்ணீர் குடித்தார், நாலு மணி நேரத்தில் 1020 மில்லி சிறுநீர் போனார், ஆஸ்மோலாலிட்டி 80. கோடு எந்தப் பக்கம் நகர்ந்திருக்கும், இவருக்குத் தண்ணீரைக் குறைக்கச் சொல்வீங்களா? வரைந்து அனுப்புங்க, சரியான கிராஃப் அடுத்த இதழில் பி.எல்.சி. கட்டுரையோடு வரும்.